குழந்தைகளோடு சென்னை: குடும்ப விடுமுறையைத் திட்டமிடும் முறை

குடும்ப விடுமுறைத் திட்டம் என்பது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அல்ல. எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது, அங்கே எவ்வளவு நேரம் இருப்பது, நடுவில் எங்கே உட்கார்ந்து இளைப்பாறுவது என்ற மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்வதுதான் திட்டம். குழந்தைகள் உடன் வரும்போது இந்த மூன்றும் இன்னும் முக்கியமாகின்றன. கடலோரப் பெருநகரம் என்றால் வெயில், உப்புக்காற்று, கூட்டம், அலை ஆகிய நான்கும் கணக்கில் சேருகின்றன. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கோடை விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும் அதிகமாகத் தேடிப்போகும் கடலோரப் பெருநகரம் சென்னை. இந்த நகரை எடுத்துக்கொண்டு இந்தத் திட்டமிடலின் படிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

சென்னையின் சிறப்பு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பலவகை இடங்கள் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குள் அமைந்திருப்பது. மணல் பரந்த கடற்கரை, நகருக்கு நடுவே மான்கள் மேயும் காடு, 1851இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம், பல்லவர் காலச் சிற்பங்கள், முதலைப் பண்ணை, கோளரங்கம், குழந்தைகளுக்குத் தனிப்பகுதி உள்ள பெரிய நூலகம் என எல்லாமே எட்டும் தூரத்தில் உள்ளன. வசதியே இங்கு ஆபத்தாகவும் மாறுகிறது. எல்லாம் பக்கத்தில் இருப்பதால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. மூன்றே நாளில் பத்து இடம் என்று ஓடும் குடும்பங்களில் இரண்டாம் நாள் மாலையே குழந்தைகள் அழத் தொடங்குகிறார்கள். பெரியவர்கள் எரிச்சல் அடைகிறார்கள்.

குழந்தையின் வயதே அளவுகோல்

திட்டத்தின் முதல் படி, உடன் வரும் குழந்தைகளில் யார் மிகச் சிறியவர் என்று பார்ப்பது. நாள் முழுவதும் அந்தக் குழந்தையின் கால் தாங்கும் அளவுக்கே அமைய வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மதியத் தூக்கம் தவறக் கூடாது. அதற்கு மணலும் தண்ணீரும் ஒரு வாத்துக் குளமும் இருந்தாலே போதும். நான்கு முதல் ஏழு வயது வரை உள்ளவர்களுக்கு விலங்குகள், ரயில், சறுக்குமரம் ஆகியவை பிடிக்கும். ஆனால் ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கவனம் நிற்காது. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்கள் காரணம் கேட்கும் பருவத்தினர். கோளரங்கமும் சிற்பங்களும் பாம்புப் பண்ணை விளக்கங்களும் அவர்களுக்குத்தான் முழுப் பயன் தருகின்றன. பதின்பருவத்தினருக்குத் திட்டமிடுவதிலேயே பங்கு கொடுத்தால்தான் ஈடுபாடு வரும்.

தாத்தா, பாட்டி உடன் வந்தால் அவர்களின் வேகமும் சிறு குழந்தையின் வேகமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவே நீண்ட ஓய்வு என்ற கட்டமைப்பு இரு தலைமுறைக்கும் பொருந்துகிறது. ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைக்காமல் இருப்பதே பொதுவாக நல்ல விதி.

பருவமும் பொழுதும்

அடுத்த படி, மாதத்தைத் தேர்ந்தெடுப்பது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரம் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறக்கவில்லை. ஆகவே அரையாண்டு விடுமுறையில் வருபவர்கள் டிசம்பர் கடைசி வாரத்தைத் தேர்ந்து, வானிலை அறிவிப்பைப் பார்த்த பிறகே கிளம்புவது நல்லது. ஜனவரியும் பிப்ரவரியும் நகரின் இதமான மாதங்கள். ஜனவரியில் புத்தகக் காட்சியும் தீவுத்திடல் பொருட்காட்சியும் சேர்ந்துகொள்கின்றன.

பள்ளி விடுமுறையின் பெரும்பகுதி கோடையில் வருவதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏப்ரலையும் மேயையும் விட்டால் வழியில்லை. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரம் அந்த மாதக் கடைசி வரை நீடிக்கிறது. சென்னையில் பதிவான மிக அதிக வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். 2003 மே 31ஆம் தேதி அது பதிவானது. முடிந்தவரை ஏப்ரல் பிற்பகுதியில் பயணத்தை முடித்துக்கொள்வது குழந்தைகளுக்கு நல்லது.

கோடையிலும் நகரம் ஓரளவு தாங்கக்கூடியதாக இருப்பதற்குக் கடற்காற்று காரணம். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரைக்குள் வீசுகிறது. இது பொதுவாக நண்பகலை ஒட்டித் தொடங்கி மாலையில் நன்றாக உணரப்படும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுவாக உள்ள நாட்களில் கடற்காற்று தாமதமாகிறது. அன்று வெப்பம் கடுமையாகும்.

இந்த இயற்கையே நாளின் அட்டவணையை வகுத்துத் தருகிறது. காலை பத்தரை மணிக்குள் திறந்தவெளி, பதினொன்று முதல் மூன்றரை வரை கூரைக்குள், மாலையில் கடலோரம். விலங்குகளும் காலையில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். பிற்பகலில் உயிரியல் பூங்காவுக்குப் போனால் புலி தூங்குவதைத்தான் பார்க்க முடியும். சென்னைக் கடற்கரை கிழக்கு நோக்கியது என்பதால் கடலில் சூரியன் உதிப்பதைத்தான் காணலாம், மறைவதை அல்ல. குழந்தைகளை ஒரு நாளாவது விடியலில் கடற்கரைக்கு அழைத்துப் போகும்படி திட்டம் இருக்க வேண்டும்.

பயண முன்பதிவும் தங்குமிடமும்

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாட்கள் முன்பே திறக்கிறது. முன்பு இது 120 நாட்களாக இருந்தது. விடுமுறைக் கால இடங்கள் திறந்த காலையிலேயே தீர்ந்துபோகின்றன என்பதால், அந்த நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பது அவசியம். 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் டிக்கெட் தேவையில்லை. 5 முதல் 12 வயது நிறையாத சிறுவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் எட்டு வயதுப் பிள்ளையைப் பெரியவரோடு ஒரே படுக்கையில் நெருக்கி வைத்து மிச்சம் பிடிக்கும் பணம், மறுநாள் தூக்கக் கலக்கத்தில் வீணாகிறது. அந்த வயதுக்குத் தனிப் படுக்கை எடுப்பதே சிக்கனம்.

பேருந்தில் வருபவர்கள் இறங்குமிடத்தைக் கவனிக்க வேண்டும். தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது, 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரின் மையத்துக்கு இன்னொரு பயணம் இருக்கிறது. இதைத் தொல்லையாகக் கருதாமல் வசதியாக மாற்றிக்கொள்ளலாம். வண்டலூர் உயிரியல் பூங்கா கிளாம்பாக்கத்துக்கு மிக அருகில் உள்ளது. ஊர் திரும்பும் நாளில் பூங்காவைப் பார்த்துவிட்டு அப்படியே பேருந்து ஏறுவது நேரத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

தங்குமிடம் அழகைவிட அமைவிடத்தால் மதிப்பிடப்பட வேண்டும். முதல் இரண்டு நாட்களுக்கு எழும்பூர் பொருத்தமானது. ரயில் நிலையம், மெட்ரோ, கடற்கரை–தாம்பரம் புறநகர் மின்சார ரயில் ஆகிய மூன்றும் அங்கே சேர்கின்றன. அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லா வகைக் கட்டணத்திலும் விடுதிகள் உள்ளன. அரசு குழந்தைகள் மருத்துவமனையும் எழும்பூரிலேயே உள்ளது என்பது பெற்றோருக்கு ஒரு தைரியம். அறை எடுக்கும்போது மின்தூக்கி உண்டா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும், கூடுதல் மெத்தை தருவார்களா, காலை ஆறு மணிக்கே அறைக்குள் விடுவார்களா என்ற நான்கையும் கேட்டுவிட வேண்டும். கடைசிக் கேள்வி மிக முக்கியம். இரவு ரயிலில் வந்த குழந்தையோடு நண்பகல் வரை வரவேற்பறையில் காத்திருப்பது முதல் நாளையே கெடுத்துவிடும்.

வார விடுமுறை நாட்கள்

சென்னைத் திட்டங்கள் அதிகமாகப் பிசகும் இடம் இதுதான். ஒவ்வோர் இடத்துக்கும் வார விடுமுறை வெவ்வேறு நாளில் வருகிறது. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, தட்சிணசித்ரா ஆகியவை செவ்வாய்க்கிழமை மூடப்படும். முதலைப் பண்ணை, மெரினா கலங்கரை விளக்கம், பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திறந்திருந்தாலும் நகரவாசிகளும் வந்துவிடுவதால் கூட்டம் பெருகுகிறது.

ஆகவே எந்தத் தடையும் இல்லாத வார நாட்கள் புதனும் வியாழனும். புதன்கிழமை காலையில் வந்து இறங்குவது போலப் பயணத்தை அமைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கோடை விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும் சில இடங்கள் விடுமுறையை மாற்றி அறிவிப்பதுண்டு. கிளம்பும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இடங்களை வட்டாரமாகக் கட்டுதல்

நகரின் வடக்கும் தெற்குமாக மாறி மாறி ஓடினால் போக்குவரத்து நெரிசலிலேயே நாள் போய்விடும். வடக்கில் தொடங்கித் தெற்கே இறங்கி, வந்த வழி திரும்பாமல் கிளாம்பாக்கத்தில் முடிப்பது சென்னைக்கு மிக ஏற்ற வரிசை. ஐந்து நாள் பயணம் ஒன்றை இப்படி அமைக்கலாம்.

புதன்கிழமை எழும்பூரும் மெரினாவும். காலையில் அறையில் ஓய்வு, அதன்பின் அருங்காட்சியகம். முழு வளாகத்தையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது வீண். சிறியவர்களுக்குச் சிறுவர் அருங்காட்சியகமும் விலங்கியல் பகுதியில் உள்ள திமிங்கல எலும்புக்கூடும் போதும். பெரியவர்களுக்குச் செப்புத்திருமேனிக் கூடம் தவறக் கூடாது. மாலையில் மெரினா. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின், வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் சுவர் தடுத்ததால் தெற்கே மணல் சேர்ந்து உருவான பரப்பு இது. சாலையிலிருந்து அலை வரை பல இடங்களில் 300 மீட்டர் அளவுக்கு மணலில் நடக்க வேண்டியிருக்கும். சிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பதும் திரும்புவதும் எளிதல்ல. சக்கர நாற்காலியில் வருபவர்களும் முதியவர்களும் கடல் அருகே போவதற்காக 2022இல் அமைக்கப்பட்ட மரப்பாதை பாட்டிமார்களுக்குப் பெரிய உதவி. 1977இல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி உண்டு. மேலிருந்து கடற்கரையின் முழு நீளத்தையும் குழந்தைகள் ஒரே பார்வையில் காணலாம்.

வியாழக்கிழமை கிண்டியும் கோட்டூர்புரமும். காலையில் கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும். இதை ஒட்டியுள்ள கிண்டி தேசியப் பூங்கா ஏறத்தாழ 270 எக்டேர் பரப்புள்ள காடு. நகர எல்லைக்குள் வெளிமானும் புள்ளிமானும் வாழும் அரிய இடம். பாம்புப் பண்ணையை நிறுவியவர் ராமுலஸ் விட்டேகர். கண்ணாடிக்குப் பின்னால் நல்ல பாம்பையும் சாரைப்பாம்பையும் அருகருகே பார்க்கும் பிள்ளை, எது நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்பதை வாழ்நாள் முழுக்க மறக்காது. வெயில் ஏறியதும் காந்தி மண்டபம் சாலையில் உள்ள பிர்லா கோளரங்கத்துக்குப் போகலாம். தமிழில் காட்சி நடக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அதே சாலையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்கான பகுதி குளிரூட்டப்பட்டது, அமைதியானது. கட்டணமின்றி இரண்டு மணி நேரம் உட்கார அதைவிட நல்ல இடம் கோடைச் சென்னையில் அரிது.

வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்து, வாடகை வண்டியில் பெட்டிகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்க வேண்டும். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா முதல் நிறுத்தம். 1996இல் திறக்கப்பட்ட இந்த வளாகத்தில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணை, முற்றம், நெல் குதிர் என்று பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவற்றுக்குள் குழந்தைகள் ஓடி விளையாடலாம். குயவர் சக்கரத்தில் கைவைத்துப் பார்க்கலாம். பிற்பகலில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. அழிந்துகொண்டிருந்த இந்திய முதலை இனங்களைக் காக்க 1976இல் இதைத் தொடங்கியவர்களில் விட்டேகரும் ஒருவர். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைக் கண்டு குழந்தைகள் பயப்படுவார்கள். அது கோபம் அல்ல, உடல் சூட்டைத் தணிக்கும் வழி என்று சொன்னால் பயம் ஆர்வமாக மாறும். அன்றிரவு மாமல்லபுரத்தில் தங்கலாம்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குள் சிற்பங்கள். பாறை சூடேறும் முன்னே சுற்றி முடிப்பதற்காகவே அங்கு இரவு தங்க வேண்டியிருக்கிறது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமான மாமல்லபுரத்தில், தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேவையில்லை. பல்லவ மன்னர்களின் பெயர்களை அடுக்குவதால் குழந்தைகளுக்குப் பயன் இல்லை. அர்ச்சுனன் தபசு என்னும் பெரும்பாறையில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்; அதைச் சுற்றி எலிகள் எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். யானையின் காலடியில் ஒளிந்திருக்கும் குட்டிகள், கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கும் பசு, பேன் பார்க்கும் குரங்குக் குடும்பம் என்று தேடல் நீளும். இப்படித் தேடிய குழந்தை கல்லில் உள்ள உயிரைத் தானே கண்டுகொள்கிறது. பின்பகல் முழுவதும் ஓய்வு. எந்த இடமும் வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம் வழியாக வண்டலூர். நகருக்குள் மறுபடி நுழையாமல் நேரே பூங்காவுக்குப் போகும் சாலை இது. 1855இல் சென்னை நகரில் தோன்றிய உயிரியல் பூங்கா இடம் போதாமல் 1985இல் வண்டலூருக்கு மாறியது. பரப்பு 602 எக்டேர். ஞாயிறு என்பதால் கதவு திறக்கும் நேரத்திலேயே உள்ளே இருப்பது நல்லது. நடந்து தீராது என்பதால் மின்கல வண்டியை முதலிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். நண்பகலுக்குப் பின் கிளாம்பாக்கம், அங்கிருந்து ஊர்.

கடலும் கூட்டமும்

கடல் குறித்து இரண்டு பேச்சு இருக்கக் கூடாது. மெரினாவில் குளிப்பது ஆபத்தானது. காவல்துறை எச்சரிக்கைப் பலகைகள் வைத்தும் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. கரையிலிருந்து திரும்பும் தண்ணீர் சில இடங்களில் குறுகிய நீரோட்டமாகச் சேர்ந்து, கால் ஊன்ற முடியாத வேகத்தில் உள்ளே இழுக்கிறது. மேலே அலை சிறியதாகத் தெரியும் இடத்திலும் இந்த இழுப்பு இருக்கலாம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவு மண்டபம், கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்பவருக்கு எழுப்பப்பட்டது. நீந்தத் தெரிந்தவரையும் இந்தக் கடல் விடுவதில்லை என்பதற்கு அது சாட்சி.

கணுக்கால் அளவு தண்ணீர் மட்டும்; ஒவ்வொரு சிறு குழந்தைக்கும் ஒரு பெரியவரின் கை; கைப்பேசியில் படம் எடுப்பவர் காவலராக இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் மணலில் கால் வைக்கும் முன்பே குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாகக் குளிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் உள்ள விடுதியில் ஒரு நாள் தங்குவது பாதுகாப்பான மாற்று.

கூட்டத்தில் குழந்தை தவறிப்போவது பெற்றோரின் பெரிய அச்சம். காணும் பொங்கலன்று மெரினாவில் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். அதே முறையைக் குடும்பங்கள் எல்லா நாளும் பின்பற்றலாம். குழந்தையின் சட்டைப் பையில் எண் எழுதிய அட்டை, காலையில் கிளம்பும்போது எடுத்த ஒரு படம், தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்ற பாடம், இவை போதும். குழந்தைகள் உதவி எண் 1098, ஆம்புலன்ஸ் 108, பொது அவசர எண் 112.

உணவு, உடல்நலம், செலவு

பயணத்தில் குழந்தைகளின் வயிறு கெடுவதற்குத் தண்ணீரும், நேரம் தவறிய சாப்பாடும் முக்கியக் காரணங்கள். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரை மணிக்குள் முடித்தால் ஓட்டல் கூட்டத்தையும் தவிர்க்கலாம். கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலும் சூடாகப் போடும் மிளகாய் பஜ்ஜியும் குழந்தைகளின் உரிமை; அவற்றை மறுக்க வேண்டியதில்லை. வெட்டி வைத்த பழம், நிறமேற்றிய ஐஸ் ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும். மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை கோடைப் பையில் எப்போதும் இருக்க வேண்டும். தொப்பி, மாற்றுடை, வழக்கமான மருந்து, ஈரத்துணி வைக்க ஒரு தனிப் பை ஆகியவையும் அப்படியே.

செலவில் பெரும்பகுதி தங்குமிடத்துக்கும் வாடகை வண்டிக்கும் போகிறது. நகருக்குள் உள்ள முதல் இரண்டு நாட்களில் வண்டி தேவைப்படாது. மெட்ரோவில் 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சென்னையின் மிக நல்ல இடங்களான கடற்கரைக்கும் நூலகத்துக்கும் நுழைவுக்கட்டணமே கிடையாது. இப்படி மிச்சமாகும் பணத்தை நல்ல அறைக்கும் வெள்ளிக்கிழமை வண்டிக்கும் ஒதுக்குவது அறிவுடைமை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது குழந்தைகளின் பங்கு. ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் திட்டத்தில் ஓர் அரை நாள் சொந்தமாக இருக்கட்டும். அந்த நேரத்தில் எங்கே போவதென்று அவர்களே சொல்லட்டும். அது மறுபடி அதே கடற்கரையாக இருந்தாலும் சரி. இடங்கள் விட்டுப்போனால் அடுத்த விடுமுறைக்கு இருக்கும். களைப்பில் கழிந்த விடுமுறையைத் திருப்பித் தர எந்த நகராலும் முடியாது. ஆகவே பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள், நாட்களை அப்படியே வையுங்கள். மிகச் சிறிய குழந்தை நடக்கும் வேகத்தில் குடும்பம் முழுவதும் நடக்கட்டும்.